ஊரைப் பார்க்காமல் கொடுத்த பேட்டி

ஓடுகிறோம். கருவேலங்காட்டுக்குள். முந்தைய நாள் மழை. கரிசல் செருப்பில் அப்புகிறது. செருப்பை உதறிவிட்டு ஓடுகிறேன். பின்னால் தகரக் கூரைகளில் கல் விழுகிறது. பதினேழு வரை எண்ணினேன். பிறகு எண்ண முடியவில்லை.

"அக்கா, ரோட்டுக்குப் போவாதிய! அங்கனயும் நிக்காவ!"

செல்வியின் குரல். என் தீப்பெட்டி யூனிட்டில் வேலை பார்த்தவள். கீழத்தெருக்காரி.

புதூர்ப் பக்கம் அந்த ஊர். பஸ் நிறுத்தத்தில் யாருடைய கொடிக்கம்பம் நிற்பது என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தொடங்கிய சண்டை. அடி தாங்காமல் கீழத்தெரு முழுதும் கோவில்பட்டிக்கு வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் ஒன்பது நாள் கிடந்தது. இரண்டு தெருப் பெண்களும் என்னிடம் வேலை பார்த்தார்கள். அதனால் என்னைச் சமாதானக் கமிட்டியில் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பேச்சுவார்த்தை. மேலத்தெருவிலிருந்து பெரியவர்கள் இருவர் வந்தார்கள். கல்லெறிந்த இளவட்டங்களில் ஒருவரும் வரவில்லை. கவனித்தேன். கேட்கவில்லை. டிவி நிருபர் கைகுலுக்கலை மூன்று முறை எடுத்தார். முதல் இரண்டில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு என்னிடம் மைக்கை நீட்டினார். ஊர் அமைதியாகிவிட்டது, எல்லோரும் தைரியமாக வீடு திரும்பலாம் என்றேன். ஊருக்குள் நான் போயே பார்க்கவில்லை.

மாலை முழுக்க அது செய்தியில் ஓடியது. மண்டபத்தில் செல்வி கேட்டாள்.

"நெசமாவே போலாமாக்கா?"

"டிவியிலயே சொல்லியாச்சுல்லா" என்றேன்.

டிவியில் சொன்னது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை என் வேனிலேயே கூட்டிப்போனேன். செல்வியின் கணவன் மாரியப்பன் முன்னதாகவே போயிருந்தான். சண்டைக்குப் பயந்து சொந்தக்காரர் ஒருவரின் ஊரில் விட்டிருந்த தன் ஆடுகளை ஓட்டிவந்து பட்டியில் அடைத்திருந்தான். அத்தனை நம்பிக்கை. பதினொன்று இருபதுக்கு முதல் கல். வேனின் முன்கண்ணாடி. அதன்பின் ஓட்டம்.

காட்டின் ஓரத்தில் மாரியப்பன் நிற்கிறான். பட்டிக்குப் பக்கத்தில் புகை. ஆடுகள் கத்துகின்றன. திரும்புகிறான்.

"போவாதிய! ஆடு கெடக்கட்டும்!"

செல்வி கத்தியது அவனுக்குக் கேட்டிருக்கும். பட்டிப் படலைத் திறந்துவிட்டான். கல் பின்மண்டையில் விழுந்தது. நான் மரத்தின் மறைவிலிருந்து பார்த்தேன். போகவில்லை. செல்விதான் போனாள். அவள் இடது காதிலும் ஒரு கல் பட்டது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். அதே நிருபர் வந்தார். ஊரைப் பார்க்காமலே பேசினேன், தப்பு என்னுடையது என்றேன். அதை அவர்கள் போடவில்லை.

மாரியப்பன், முப்பத்தாறு வயது. எரிந்த வீடுகள் ஐந்து. ஆடுகளில் நான்கு. செல்வியின் இடது காது கேட்பதில்லை. திருப்பூருக்குப் போனவர்கள், திரும்பாதவர்கள், ஆறு குடும்பம்.

கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் இருக்கிறோம்.