ஓடுகாலி போன பிறகு

இதை எழுதாமலே விட்டுவிடத்தான் நினைத்தேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கட்டுரை எழுதச் சொன்னால் மணி என்று என் பெயரை மட்டும் அழகாக எழுதி வைத்துவிட்டு வருவேன். என் கூட்டாளி அஸ்லாம்தான் விடவில்லை. எழுது, எழுது என்று தினமும் குடைச்சல். சரி, எழுதுகிறேன். பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

ஓடுகிறேன். கணுக்கால் வரை சேறு. முன்னால் ஒரு வீடு. அதன் வாசல்படியில் தீபன் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டுகிறான். தலைக்கு மேல் சத்தம். துணியைக் கிழிப்பது போல. நீளமாக.

"பூட்ஸ விடுடா! அப்படியே ஓடி வா!"

அவன் நிமிர்ந்து பார்க்கிறான். ஒரு கால் பூட்ஸில். இன்னொரு கால் வெறும் காலுறையில்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். தீபன் யார் என்று சொல்லாமல் மேலே போனால் அது வெறும் ஓட்டம்.

தீபன் கிள்ளானில் லோரி ஓட்டியவன். நான் அவனுடைய கெலிண்டான். அவன் ஓட்டுவான், நான் சாமான் இறக்குவேன், நடுவில் அவனைக் கிண்டல் பண்ணுவேன். சம்பளம் கிண்டலுக்கும் சேர்த்து என்று சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஏஜெண்ட் எங்களைப் பிடித்தான். வெளிநாடு. கிடங்கு வேலை. சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அவர்கள் கணக்கு. அஸ்லாமும் வருவதாகத்தான் இருந்தது. அவனுடைய அத்தா விஷயம் கேட்டதும் பாஸ்போர்ட்டைக் கடைக் கல்லாவில் வைத்துப் பூட்டிவிட்டார். அஸ்லாம் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. இப்போது தினமும் அவர் காலைத் தொட்டுக் கும்பிடாத குறை.

நாங்கள் இறங்கிய இடத்தில் பனி கொட்டியது. கிடங்கு இருந்தது. உள்ளே இருந்தவை குண்டுகள். கைபேசியைப் பிடுங்கினார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள். படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போட்டிருந்தோம். யாருடைய சண்டை, எதற்கு, எங்களுக்குத் தெரியாது. நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று ஊருக்கு வந்ததும் ஒருவர் சொன்னார். எழுதவில்லை.

எங்கள் வேலை ஒரே ஒரு வண்டிக்கு. எட்டுச் சக்கரம். முதுகில் இரும்புக் கோபுரம். அதிலிருந்து வானத்தைப் பார்த்து நிற்கும் தடித்த குழாய். மோர்ட்டார் என்பார்கள். பழைய மோர்ட்டாரைத் தரையில் ஊன்றி, கையால் குண்டு போட வேண்டும். இது அப்படி இல்லை. உள்ளே திரை இருக்கிறது. எங்கே விழ வேண்டும் என்று காட்டினால் போதும், கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். முதல் குண்டை மிக உயரமாக விடும். அடுத்ததைக் கொஞ்சம் தாழ்வாக. அதற்கடுத்ததை இன்னும் தாழ்வாக. எல்லாம் ஒன்றாகப் போய் விழும். அங்கே விழும் முன்பே இங்கே வண்டி கிளம்பியிருக்கும். எதிரியின் கருவி குண்டு வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்து, சுட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிடுமாம். அதனால் சுட வேண்டும், ஓட வேண்டும். அதற்கு மேல் அந்த வண்டிக்கு வேதம் கிடையாது.

நான் அதற்கு ஓடுகாலி என்று பெயர் வைத்தேன். தீபன் சிரித்துச் சிரித்து இருமினான். எங்களோடு இருந்த இரண்டு நேபாளிகளும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். "ஓடுகாலி வருது" என்று அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமே. பெரிய நேபாளி, சின்ன நேபாளி என்றுதான் கூப்பிடுவோம். எங்களை அவர்கள் மலேசியா என்றார்கள். ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே மலேசியா.

தங்கியது ஒரு கைவிட்ட வீட்டில். சமையலறை மூலையில் ஒரு சாமி படம். யார் சாமியோ தெரியாது. முன்னால் அணைந்த விளக்கு. தீபன் அந்த வீட்டுக்குள் பூட்ஸோடு போக மாட்டான். முதல் நாளே வாசலில் கழற்றி, சுவர் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தான். வெளியே உலகம் இடிந்து கிடக்கிறது. இவன் பூட்ஸை நேராக்குகிறான்.

"மாமியார் வீடாடா இது?" என்றேன்.

"யாரோ வீடுடா. திரும்பி வருவாங்க இல்ல," என்றான்.

அவனைப் பார்த்துச் சின்ன நேபாளியும் கழற்ற ஆரம்பித்தான். பிறகு நானும் பெரிய நேபாளியும். எவ்வளவு கிண்டல் பண்ணினாலும் கிள்ளானில் வளர்ந்த காலுக்கு வேறு மாதிரி தெரியாது. வாசலில் எப்போதும் நான்கு ஜோடி.

தீபாவளி முடிந்து மூன்றாவது செவ்வாய். கணக்கு வைத்தவன் தீபன். காலை. இரவெல்லாம் மழை. ஓடுகாலி வழக்கமாகத் தூரத்துத் தோப்புக்குப் போய்த்தான் சுடும். அன்று பாதை சேறாகிவிட்டது. சக்கரம் புதைந்தது. பின்னால் வந்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. நானும் பெரிய நேபாளியும் லோரியிலிருந்து குண்டு எடுத்துக் கொடுத்தோம். தீபனும் சின்ன நேபாளியும் உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தே சுடப் போகிறது என்று எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

தும். வீட்டின் ஜன்னல்கள் குலுங்கின. தும். தும். தும். நடுவே மூச்சுவிட நேரம் இல்லை. பிறகு இயந்திரம் உறுமியது. ஓடுகாலி போய்விட்டது. சேற்றில் சக்கரத் தடம் மட்டும். அதில் தண்ணீர் ஊறியது.

லோரிக்காரன் கத்தினான். மொழி புரியவில்லை. முகம் புரிந்தது. லோரி நகர்ந்தது. நான் ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் தீபன், படியில் உட்கார்ந்து. அவனுக்குப் பின்னால் சின்ன நேபாளி, தன் பூட்ஸைத் தேடிக் குனிந்தபடி. முற்றம் முழுக்க உடைந்த கண்ணாடி. அதில் வெறும் காலோடு யார்தான் ஓடுவார்கள்.

குதித்தேன். ஓடினேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

முதல் குண்டு வயலில். இரண்டாவது கூரையில்.

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. எனக்கு மட்டும் கேட்கவில்லை. பெரிய நேபாளி வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். என் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். என் தொடையிலிருந்து ரத்தம். புகை இறங்கியது. வாசல்படி இருந்த இடத்தில் படி இல்லை. நான் பார்த்தேன். தீபனைப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று எழுத மாட்டேன். உயிர் இல்லை என்று எழுதுகிறேன். அது போதும்.

யாரும் திரும்பிப் போய் உடல்களை எடுக்கவில்லை. வண்டிக்கு அடி இல்லை என்பதால் அன்றைய வேலை நல்லபடியாக முடிந்ததாக ஆஸ்பத்திரியில் ஒருவன் சொன்னான். என் தொடையில் இரும்பு இருந்ததால் என்னைக் கழித்துக்கட்டினார்கள்.

இப்போது கிள்ளானில் இருக்கிறேன். எதிர்க்கடை ஷட்டர் தடார் என்று விழும். நான் அசையாமல் நிற்பேன். பதிலுக்குக் குண்டு வர வேண்டும். வராது. வராமலே இருக்கும். அதுதான் தாங்க முடிவதில்லை.

தீபனுடைய அம்மா அஸ்லாம் வீட்டுக்குப் பக்கத்து வீடு. அவருக்கு வந்த தகவல் ஒரே சொல்: காணவில்லை. காரியம் எதுவும் செய்யவில்லை. தீபனுடைய சட்டைகளை வாரா வாரம் துவைத்துக் காயப் போடுகிறார். அவனோடு போன நான் மட்டும் எப்படி வந்தேன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என்னைப் பார்த்தால் சிரிப்பார்.

"காணோம்னுதான சொன்னாங்க, மணி. இல்லன்னு யாரும் சொல்லலயே," என்பார்.

சொல்லக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன். நான் என்ன செய்வேன்? ஆன்டி, அவன் அங்க ஒரு வெள்ளக்காரியப் புடிச்சிருப்பான் என்பேன். அவர் சிரிப்பார். நான் மாடிப்படியில் ஓடி இறங்குவேன். அப்போது நானும் ஓடுகாலிதான்.

போன மாதம் கோலாலம்பூரில் ஓர் ஆயுதக் கண்காட்சி. கடை போட்டுக் கொடுக்கும் கொந்தரக்டரிடம் கூலி வேலை எனக்கு. கம்பளம் விரிப்பது, பலகை நிறுத்துவது. ஒரு பெரிய துணியை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தேன். அது நின்றது. எட்டுச் சக்கரம், கோபுரம், குழாய். பளபளவென்று. சக்கரத்துக்கடியில் நான் விரித்த கம்பளம். சுத்தமாக.

துணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கோட் போட்ட ஒரு தமிழ்ப் பையன், விற்பனை ஆள். சுபாங் ஜெயாக்காரன். நல்ல பையன், எனக்குத் தண்ணீர் கொடுத்தான். கேட்காமலே விளக்கினான்.

"சுட்டதும் ஓடிடும், அதுதான் ப்ரோ இதோட ஸ்பெஷல். அவன் திருப்பி அடிக்கிறப்ப வண்டி அங்க இருக்காது லா."

"அப்ப அங்க யாரு இருப்பா?" என்றேன்.

யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். அதற்கு முன் யாரும் அவனிடம் கேட்டதில்லை போல.

"யாரும் இருக்க மாட்டாங்க பாஸ்," என்றான்.

அன்று கிள்ளான் வரும் ரயிலில் எழுத ஆரம்பித்தேன். அங்கே யார் இருந்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் அந்த ஏஜெண்ட் இன்னும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு சுற்றுகிறான். உங்கள் தம்பிமாரிடமும் பேசுவான்.

போனவை இவை. தீபன், வயது இருபத்தாறு, கிள்ளான். சின்ன நேபாளி, அவன் சொன்ன பெயரை நான் ஒழுங்காகக் காதில் வாங்கவில்லை, அதனால் பெயர் இல்லை. பெயர் தெரியாத ஒரு குடும்பத்தின் வீடு. அவர்களுடைய சாமி படம், ஒன்று. என் இடது காது. பெரிய நேபாளி என்ன ஆனான், தெரியாது. அவனைப் போனவர் பக்கத்திலும் எழுதவில்லை, இருப்பவர் பக்கத்திலும் எழுதவில்லை. ஓடுகாலிக்குச் சேதம், ஒன்றும் இல்லை.

எழுதி முடித்ததும் அஸ்லாமுக்குக் கைபேசியில் அனுப்பினேன். நீ தீபன் அம்மாவிடம் படித்துக் காட்டிவிடு, நான் பந்திங் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்லிவிடு என்று கேட்டிருந்தேன். பிறகு ஒரு வரி வந்தது.

"நீயே வந்து அம்மாகிட்ட சொல்லு மச்சான், நான் பக்கத்துல நிக்கிறேன்."