ஞாயித்துக்கிழமை வண்டி

அந்த நாற்காலி வேண்டாம்மா, ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. சரி பண்ணணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன், நேரம் அமைய மாட்டேங்குது.

பையன் தூங்கறான். இன்னிக்கு நீங்க காலை மடக்கி நீட்டினதுல அசந்துட்டான். கதவைச் சாத்தியிருக்கேன், நாம பேசறது உள்ளே கேக்காது.

வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டே ஒண்ணு கேட்டீங்க. செவ்வாய்க்கிழமை நீட்டிவிட்டுப் போற முழங்கால், வெள்ளிக்கிழமை வந்து பாத்தா திரும்ப மடங்கிக் கிடக்கே, நடுவுல இந்த வீட்ல என்னதான் நடக்குதுன்னு. கோவமா கேக்கலை, அலுத்துப்போய்க் கேட்டீங்க. இப்படியே போனா என் பையன் எழுந்து நடக்கவே மாட்டான்னும் சொன்னீங்க. எனக்கு மழுப்பத் தெரியாது. அதான் உள்ளே கூப்பிட்டேன். ஆனா முழங்கால்லேர்ந்து ஆரம்பிச்சா உங்களுக்குப் புரியாது. வண்டியிலேர்ந்து ஆரம்பிக்கணும்.

பின்னாடி ஷெட்டுல தார்ப்பாய் போட்டு மூடியிருக்கே, அந்த மோட்டார்சைக்கிள். கல்யாணத்துக்கு முன்னாடி நான் வாங்கினது. நானும் இவன் அம்மாவும் இவனும் அதுல போகாத இடம் இல்லை. அப்புறம் ஓட்ட ஆள் இல்லாம நின்னு, துரு ஏறி, எலி குடும்பம் நடத்தற இடமா ஆயிடுச்சு. இவன் அம்மா செத்துப்போன பிறகு, ஒரு ஞாயித்துக்கிழமை வந்தவன் தார்ப்பாயை இழுத்துப் பாத்துட்டு, "அப்பா, இதை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பழையபடி ஆக்கிடலாமா?"ன்னான். எனக்குப் பொழுது போகணுமேன்னுதான் கேட்டான். அது எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் சரின்னேன்.

அவன் இருக்கறது வேற ஊர். பொண்டாட்டிக்கும் அங்கேதான் வேலை, ஒரு குழந்தை. ஞாயித்துக்கிழமையானா முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவான். பழைய சட்டையை மாட்டிக்கிட்டு ஷெட்டுக்குள்ளே போனா, சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்குத்தான் வெளியே வருவான். இஞ்சினைப் பிரிச்சோம். போல்ட்டையெல்லாம் பிஸ்கட் டப்பாவுல பிரிச்சுப் போட்டோம். ஆபீஸ்ல உட்கார்ந்து வேலை பாக்கற கை, உப்புத்தாள் தேய்ச்சுக் கொப்புளம் போட்டுச்சு. அதைக் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு நேரா காட்டிச் சிரிப்பான். அவன் படிச்ச காலத்துல நாங்க ரெண்டு பேரும் பேசினதே மார்க்கைப் பத்தித்தான். இப்ப வாய் ஓயாம பேசினோம். நான் சந்தோஷமா இருந்தேம்மா. அதுக்கு மேல சொல்ல வார்த்தை இல்லை.

நான் பீரோ கம்பெனியில பெயிண்ட் அடிச்சவன். ஸ்ப்ரே கன்னைக் கையில எடுத்தா எனக்கு வேற நினைப்பே வராது. டேங்க்கைச் சுரண்டி, பட்டி பாத்து, பிரைமர் அடிச்சுக் காய வெச்சிருந்தோம். அடுத்த ஞாயிறு கலர் அடிக்கணும். அன்னிக்குக் கிளம்பறப்ப சொன்னான், பெயிண்ட் முடிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான்பா, அப்புறம் எல்லாத்தையும் மாட்டி லாரியில ஏத்தி எங்க வீட்டுக்கே கொண்டுபோயிடறேன், உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்னு. ஞாயித்துக்கிழமையானா அப்பா எங்கேன்னு குழந்தை கேக்குதாம். நியாயம்தானே. நான் மறுத்தேனா? மறுக்கலை. போய்ட்டு வாடான்னு பஸ் ஏத்திவிட்டேன்.

மறுநாள் காலையில காபி குடிச்சுட்டு ஷெட்டுக்குப் போனேன். கார் துடைக்கற பாலிஷ் கொஞ்சம் துணியில எடுத்து, பிரைமர் மேல லேசா ஒரு துடைப்பு. கண்ணுக்குத் தெரியாது. தொட்டாலும் தெரியாது. ஆனா அதுமேல கலர் பட்டா ஒட்டாம விலகும், அம்மை போட்ட மாதிரி குழி குழியா வரும். எங்க கம்பெனியில யாராவது தெரியாம அப்படிப் பண்ணினா வேலையை விட்டே அனுப்புவாங்க.

ஞாயித்துக்கிழமை அவன்தான் ஸ்ப்ரே பிடிச்சான். அடிச்சு முடிச்சுத் திரும்பறதுக்குள்ளே டேங்க் முழுக்கக் குழி. பையன் மூஞ்சி செத்துப்போச்சு. காத்துல ஈரம் இருந்திருக்கும்டா, சுரண்டிட்டுத் திரும்ப அடிப்போம்னேன். எனக்கு இன்னும் சில ஞாயித்துக்கிழமை கிடைச்சுது.

அதோட நிறுத்தணும்னுதான் நினைச்சேன். என் மேல சத்தியமா நினைச்சேன். ஆனா திங்கக்கிழமை காலையில இந்த வீடு இருக்கே, நீங்க அதைப் பாத்ததில்லை. முந்தின நாள் அவன் குடிச்ச டம்ளர் கழுவாம கிடக்கும். அதைக் கழுவி வெச்சா அப்புறம் செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது. கால் தானா ஷெட்டுக்குப் போகும். ஒரு தடவை ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு டெய்லர்கிட்ட குடுத்து, நான் கேட்டாலும் குடுக்காதீங்கன்னு சொன்னேன். மத்தியானம் நானே போய் நின்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டார்.

ஒரு வாரம் கார்புரேட்டர் ஓட்டையில ஒரு சிட்டிகை மண்ணு. ஒரு வாரம் ஒயர்ல உள்பக்கமா லேசா ஒரு கீறல். அவன் செஞ்சு வெச்சுட்டுப் போற வேலையைத்தான், அவன் போன பிறகு நான் கெடுத்தேன். உங்க வண்டிக்கு யாரோ கண்ணு வெச்சுட்டாங்கப்பான்னு ஆரம்பத்துல கிண்டல் பண்ணுவான். போகப் போகக் கிண்டல் நின்னுது. ஒருநாள் ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டு, எனக்கு இதெல்லாம் கை வராது போலப்பான்னான். முகத்தைத் திருப்பிக்கிட்டான். இல்லடா, பழகப் பழக வரும்னு முதுகுல தட்டிக் குடுத்தேன். வேற என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க.

கடைசியில ஒருவழியா வண்டி வண்டியா ஆச்சு. கரும்பச்சை கலர், டேங்க் ஓரத்துல பொன் நிறத்துல ஒரு கோடு. அந்தக் கோட்டை நான் கையாலேயே போட்டேன். நல்லா இருந்துச்சு, அதைக் கெடுக்க எனக்கே மனசு வரலை. அதனாலதான் பிரேக்குக்குப் போனேன்.

பின்சக்கரத்தைக் கழட்டி, பிரேக் ஷூவுல கிரீஸ் தடவினேன். அதிகமில்லை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவற அளவுதான். ஞாயித்துக்கிழமை வருவான், முற்றத்துல தள்ளிப் பாப்பான், பெடலை மிதிச்சா நிக்காது, திரும்பப் பிரிப்போம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

அவன் வியாழக்கிழமையே வந்துட்டான். சொல்லாம கொள்ளாம, லீவு போட்டுட்டு, ஒரு பாட்டில்ல பெட்ரோலோட. நாளைக்கு லாரி வருதுப்பா, பேசி முடிச்சுட்டேன், ஏத்தி அனுப்பிடலாம்னான். கிக்கரை உதைச்சான். அந்த வாரம் நான் கார்புரேட்டர்ல கை வைக்கலை பாருங்க, மூணாவது உதையிலேயே கிளம்பிடுச்சு. தெருவே திரும்பிப் பாத்துச்சு. பத்து வயசுப் பையன் மாதிரி கத்தினான், ஓடுதுப்பா ஓடுதுன்னு. டெய்லர் மெஷினை விட்டு எழுந்து வந்து கை தட்டினார்.

"முனை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேம்பா"ன்னான்.

நம்ம தெரு சரிவும்மா. நடக்கறப்ப தெரியாது, சக்கரத்துல போனாத்தான் தெரியும். முனையில பெரிய ரோடு. முன் பிரேக் அந்தக் காலத்து வண்டியில பேருக்குத்தான், பிடிச்சா யோசிச்சுத்தான் நிக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தா ஒரே ஒரு வார்த்தை. ஆனா பிரேக் பிடிக்காதுடான்னு சொன்னா, ஞாயித்துக்கிழமை நல்லாத்தானே பிடிச்சுது, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒண்ணு சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். குழி விழுந்த பெயிண்ட்டுலேர்ந்து சொல்லணும். அவன் மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க வாய் வரலை.

கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். மெதுவா போடான்னு சொன்னேன். அதைச் சொன்னேன், டெய்லரைக் கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணும் இருக்கு. இவ்வளவு சொன்ன பிறகு அதை மட்டும் ஏன் மறைக்கணும்? அவன் போறப்ப என் மனசுல என்ன ஓடுச்சுன்னா, விழுந்தா டேங்க் நசுங்கும், நாளைக்கு லாரி வந்தாலும் ஏத்த முடியாது, திரும்பப் பட்டி பாக்கணும், திரும்பக் கலர் அடிக்கணும்னு. டேங்க்கைத்தான் நினைச்சேன். அவன் காலை நான் நினைக்கவே இல்லை.

பெரிய ரோட்டுல மோதற சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினாங்க. நானும் போனேன். என்னால ஓட முடியலை, நடந்துதான் போனேன்.

பழைய வண்டி, பிரேக் பிடிக்கலைன்னு போலீஸ்ல எழுதிக்கிட்டாங்க. அது உண்மைதானே. இவன் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் என்ன சொன்னான் தெரியுமா? நான்தாம்பா ஷூவைச் சரியா மாட்டலைன்னான். பொண்டாட்டிகிட்டயும் அப்படியே சொல்லி, கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டான். அவ அழுதா. நான் அவன் தலையைத் தடவி, விடுடா, நடந்தது நடந்துபோச்சுன்னேன்.

அவ நல்ல பொண்ணு. லீவு முடியற வரைக்கும் இங்கேயே கிடந்தா. அவங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படி ஏறற அளவுக்குக் கால் வந்ததும் கூட்டிட்டுப் போயிடறேன் மாமா, அதுவரைக்கும் உங்களைத்தான் நம்பியிருக்கேன்னு சொல்லிட்டு, குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினா. நான் பாத்துக்கறேன்மான்னேன். பாத்துக்கறேன். குளிப்பாட்டறது நான், மலஜலம் எடுக்கறது நான், சோறு ஊட்டறதும் நான்தான். ஒருநாள் ஒரு பொழுது முகம் சுளிச்சதில்லை. அவனையே கேட்டுப் பாருங்க.

அந்த டேங்க்கை அவன் ரூமுக்கே கொண்டுவந்துட்டேன். கட்டில் பக்கத்துல உட்கார்ந்து நான் உப்புத்தாள் போடுவேன், அவன் படுத்துக்கிட்டே இங்கே இன்னும் மேடு தெரியுதுப்பான்னு சொல்லுவான். எங்க வீட்ல இப்ப எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதான்.

நீங்க முதல் நாளே வாசல்ல வெச்சு எங்கிட்ட தெளிவா சொன்னீங்க. முழங்காலுக்கு அடியில தலகாணி வைக்கவே கூடாது, வெச்சா அப்போதைக்குச் சுகமா இருக்கும், ஆனா நரம்பு அப்படியே மடங்கி இறுகிடும், அப்புறம் நீட்டவே முடியாதுன்னு. கால் மடங்காம இருக்க ராத்திரி கட்டிவிடச் சொல்லி அந்த நீளப் பட்டையும் குடுத்தீங்க. எனக்கு மறதி கிடையாது. நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு.

முதல் வாரம் நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். அந்த வெள்ளிக்கிழமை நீங்க சிரிச்சுக்கிட்டே, பரவாயில்லையே, இப்படியே போனா சீக்கிரம் படி ஏறிடுவார்னு சொன்னீங்க. போன்ல மருமகளுக்கும் சொன்னீங்க. லாரி பேசின அன்னிக்கு இருந்த மாதிரி அவன் முகம் பளிச்சுனு ஆச்சு. நீங்க போன பிறகு நான் சமையல்கட்டுல போய் நின்னேன். டம்ளரைக் கழுவினேன். அதுக்கப்புறம் கை எங்கே போகும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

நான் பலவந்தம் எதுவும் பண்ணலைம்மா. சாயங்காலமானா அவனே கெஞ்சுவான். "வலி உயிர் போகுதுப்பா, கொஞ்ச நேரம் தலகாணி வைங்கப்பா"ன்னு. வெப்பேன். நீங்க கூடாதுன்னு சொன்னதை அவன் காதுல நான் போடலை, அவ்வளவுதான். அவன் தூங்கினதும் பட்டையை அவிழ்த்துடுவேன், விடியறதுக்கு முன்னாடி திரும்பக் கட்டிடுவேன். செவ்வாய், வெள்ளி காலையில தலகாணியை எடுத்துட்டுப் போர்வையைச் சரி பண்ணிடுவேன். நீங்க எவ்வளவு நீட்டினாலும் நான் அதுல கொஞ்சம் எடுத்துடுவேன். எனக்கு அப்பவும் மனசு கேக்கறதில்லை. நீங்க பிடிச்சு நீட்டறப்ப அவன் கத்துவானே, அந்த வலி வீணாப் போகுதேன்னு வெளியே நின்னு அழுதிருக்கேன்.

நிறுத்த முடிஞ்சா நிறுத்த மாட்டேனா? நீங்களே சாவி மாதிரி எதையாவது எங்கிட்டேருந்து பிடுங்கிட்டுப் போங்க. நாளைக்கு வந்து கேட்டா நீங்களும் சிரிச்சுக்கிட்டே குடுத்துடுவீங்க.

அவளுக்குப் போன் பண்ணணும்னா பண்ணுங்க. நான் தடுக்கலை. ஆனா அவ வேலைக்குப் போவாளா, குழந்தையைப் பாப்பாளா, இவனைப் பாப்பாளா? மூணாவது மாடியில ஒரு ரூம்ல தனியா போட்டுப் பூட்டிட்டுப் போவா. யோசிச்சுப் பாருங்க.

முழிச்சுட்டான், கேக்குதா? அப்பா அப்பான்னு கூப்பிடறான். தலகாணிக்குத்தான். கொஞ்சம் வழி விடுங்கம்மா. பாவம், என்னை விட்டா அவனுக்கு யாரு இருக்கா?