காது என்று சொன்னார்

சின்னசாமி அண்ணா, வந்ததிலிருந்து நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றுமில்லை, பாட்டுக் கேட்கிற ஹெட்போன்தான். கையில் எடுத்துப் பாருங்கள். இப்படி இரண்டு பக்கமும் அழுத்தினால் மடங்கிக்கொள்ளும், இழுத்தால் விரிந்து நிற்கும். உங்கள் பெண்ணுக்கு என்றைக்காவது வாங்குவதானால் முதலில் எடையைப் பாருங்கள். கடைக்காரன் சத்தத்தைத்தான் புகழ்வான். சத்தம் எல்லாவற்றிலும் வரும். நாளெல்லாம் தலையில் கிடக்கிற பொருள் தலையில் இருப்பதே தெரியக் கூடாது, அதுதான் முக்கியம்.

மோரைக் குடியுங்கள். இந்த வெயிலில் குடிபாலாவிலிருந்து திருப்பதிக்குப் பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். கேட்க வந்ததற்குப் பதில் இல்லாமல் உங்களை அனுப்ப மாட்டேன். உங்கள் தங்கை சுலோசனாவை வேலூருக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அவள் புருஷன் கோவர்த்தனன் போனில் சொன்னாரா, இல்லையா. அதுதானே கேள்வி. அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்டவள், இந்த ஊர் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்த நான் ஒருத்திதான். 'வேண்டாம் என்றுதான் சொன்னார்' என்று இந்தத் தபீதாள் வந்து ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டால், குழந்தையை அவர் கண்ணிலேயே காட்டாமல் நீங்களே வளர்த்துக்கொள்ளலாம். சொல்கிறேன். ஆனால் இந்த ஹெட்போனிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இப்போதுகூடப் பாருங்கள், ஒயரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரிக்கிறேன். சித்தூரில் எங்கள் சபையில் பாதிரி ஐயர் பிரசங்கம் முடிப்பதற்குள் நான் எழுந்து வெளியே போய்விட்டு வந்துவிடுவேன். ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியன் ஏசுரத்தினம், "அக்கா கால்ல மோட்டார் வெச்சுத் தெச்சுட்டாங்க" என்பான். அப்படிப்பட்டவளை ஒரு போர்டின் முன்னால் நாற்காலியில் கட்டிப்போட்டார்கள். கட்டிப்போட்டார்கள் என்பது நிஜம்தான். அவர்கள் கொடுத்த கருவியில் இரும்பு வளையம் தலையில், பேசுகிற குழல் மார்பில், ஒரு காதில் மட்டும் கறுப்பு ஓடு. ஒயர் இரண்டு முழம்கூட இருக்காது. மழை வந்தால் அப்பளம் பொரிகிற சத்தம். சாயங்காலம் கழற்றும்போது காது மடல் சிவந்து கிடக்கும். யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் கேட்கும்.

அதனால் என் சித்தி மகன் எர்னஸ்டைக் கூட்டிக்கொண்டு ரேணிகுண்டாவில் ரயில் ஏறி மெட்ராஸ் பர்மா பஜாருக்குப் போனேன். வேலைக்கும் ஆக வேண்டும், ஓய்வு நேரத்தில் பாட்டுக்கும் ஆக வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் முதலில் காதுக்குள் செருகுகிற குமிழ் ஒன்றைக் காட்டினார். அது காதிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு கிண்ணம் மாதிரி இரண்டு பக்கமும் மூடுகிற பெரிய ஜப்பான் கருவி. அதைப் போட்டால் வெளியே ஒன்றுமே கேட்காது, மேட்ரன் பின்னால் வந்து நின்றால் தெரியாது. கடைசியில் இந்த மடக்கு ஹெட்போன்.

"இத்தப் போட்டுப் பாருங்கம்மா, பாடறவன் மூச்சு வுடறதுகூடக் கேக்கும்" என்றார்.

"பாடறவன் மூச்சு எனக்கு எதுக்குப்பா?"

எர்னஸ்ட் சிரித்தான். "அண்ணாத்த, எங்கக்காவுக்கு மூச்சு வாணாம். ஊருல எவன் ஊட்ல இன்னா சண்டைன்னு கேட்டா போதும், குடு."

போட்டுப் பார்த்தேன். சொன்னது சரிதான், மூச்சு கேட்டது. பஞ்சு மெத்தென்று காதின் மேல் உட்கார்ந்தது. ஒயர் நீளம், எழுந்து ஜன்னல் வரை நடக்கலாம். மடித்தால் கைப்பையில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். வாங்கிவிட்டேன். ஏசுரத்தினம் அதன் மெல்லிய முனைக்கு ஒரு தடித்த முனையைப் பற்றவைத்து, போர்டில் செருகும்படி செய்து கொடுத்தான். "ரெண்டு காதுக்கும் வர்ற மாரி பண்ணிட்டன்க்கா. மேட்ரனுக்குத் தெரிஞ்சா நான் இல்ல" என்றான். பேசுவதற்கு மட்டும் பழைய குழலைப் பிடித்துக்கொள்வேன். கேட்பது இதில். போன் கால் வராதபோது அதே முனையை டேப் ரிக்கார்டரில் செருகினால் பாட்டு.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அன்றைக்கு லைன் சரியில்லை, போர்டில் இருந்த அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று விசாரணையில் முடித்துவிட்டார்கள். அந்தப் பழைய கருவியைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அது கரகரத்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அதைப் போட்டே பல மாதம் ஆகியிருந்தது.

இருங்கள், ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிட்டு வருகிறேன். பஸ் சத்தம் தாங்க முடியவில்லை.

சுலோசனா பிரசவத்துக்குப் பிறகு ஜுரத்தோடு வந்து சேர்ந்தாள். மாங்காய் சீசன். உங்கள் மாப்பிள்ளைக்குச் சித்தூர் மண்டியை விட்டு நகர முடியாது. சாயங்காலம் தவறாமல் மண்டியிலிருந்து டிரங்க் கால் போடுவார். "அம்மா, பொம்பளைங்க வார்டு குடுங்கம்மா" என்பார். அவ்வளவுதான் என்னிடம் பேசுவது. பிறகு அவளிடம், "துன்னியா? புள்ள இன்னா பண்ணுது? நைனான்னு சொல்லச் சொல்லு" என்பார். பிறந்து பத்து நாள் ஆன பிள்ளையை. அவள் சிரிக்கமாட்டாமல் சிரிப்பாள். அவள் சிரித்து முடிக்கும் வரை அவர் பேசாமல் இருப்பார். அந்த நேரத்தில் அவர் மூச்சு கேட்கும். பஜார்க்காரர் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வார்டில் போனை எடுக்கத் தாமதமானால் அவர் மெல்ல முனகிக்கொண்டிருப்பார். ஏதோ பஜனை மெட்டு. வாய் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே பாடுவார். நான் டேப் ரிக்கார்டர் கேட்பதை விட்டுவிட்டேன். வார்டில் போனை எடுத்த பிறகும், "இன்னும் எடுக்கலீங்க, லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் கால் ஆடுவது நின்றுவிடும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. கொஞ்ச நேரம் ஒரு மனுஷன் பாடினார், ஒருத்தி கேட்டாள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பழைய சிரிப்பு உண்டு. நம் பக்கத்துத் தமிழ்க்காரர் ஒருவர் காது வலி என்று வந்தார். நர்ஸ் தெலுங்குப் பெண். "கடுப்பு நொப்பியா?" என்று வயிற்றைத் தொட்டு, வலியா எனக் கேட்டாள். அவர், "காது, காது" என்றார். அவளுக்குத் தெலுங்கில் 'காது' என்றால் 'இல்லை'. "கால் நொப்பியா?" "காதும்மா, காது." "தல நொப்பியா?" "ஐயோ, காது." இப்படியே உடம்பு முழுக்கத் தொட்டுக் கேட்டுவிட்டு, உனக்கு நோயே இல்லை என்று அனுப்பப் பார்த்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான்.

இப்போது அந்தச் சாயங்காலம். டாக்டர் கிருஷ்ணப்பா அனந்தபுரம்காரர், தெலுங்கு மட்டும்தான், தமிழ் ஒரு சொல் வராது. சுலோசனாவுக்கு ஜுரம் ஏறி நினைவு தடுமாறியது. உடனே காரில் போட்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், காலை வரை வைத்திருப்பது ஆபத்து என்று அவர் நர்சிடம் சொன்னது வார்டு போன் வழியாக எனக்குக் கேட்டது. உங்கள் அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். "மாப்ள ஒரு வார்த்த சொல்லாத நான் எப்டி அனுப்பறது?" என்றார்கள். அதே நேரம் கோவர்த்தனன் லைனில் வந்தார்.

போர்டில் ஒரு சாவி உண்டு. அதைத் தள்ளினால்தான் அந்தப் பக்கத்து ஆளும் இந்தப் பக்கத்து ஆளும் நேராகப் பேசிக்கொள்ள முடியும். நான் தள்ளவில்லை. லைன் மோசம், நானே கேட்டுச் சொல்கிறேன் என்று இருவரிடமும் சொன்னேன். டாக்டர், "வேலூருக்குத் தீஸ்கெள்ளாலி. அவுனா, காதா, ஒக்க மாட்ட செப்பமனு" என்றார். வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும், சரியா, இல்லையா, ஒரே வார்த்தை சொல்லச் சொல்.

கோவர்த்தனனிடம் கேட்டேன், தாழ்ந்த குரலில். வேண்டுமென்றுதான் தாழ்த்தினேன்.

"காது கேக்கலம்மா, ஜோரா சொல்லுங்க" என்றார்.

உரக்கச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இட்டுக்கினு போங்கம்மா. கேக்கவே வாணாம், ஒடனே இட்டுக்கினு போங்க. நான் நேரா வேலூருக்கே வந்துர்றேன்." ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்ததுகூடக் கேட்டது.

நான் டாக்டரிடம், "காது அன்னாரு" என்றேன். காது என்று சொன்னார்.

டாக்டர் கோபமாக, "சரே, ரேப்பு சூத்தாம்" என்று வைத்துவிட்டார். நான் கோவர்த்தனனிடம், "நாளைக்குப் பாக்கலாம்னு டாக்டர் சொல்றாருங்க" என்றேன்.

"அப்ப பயமில்லீங்களா?" என்று கேட்டார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டார். அந்த மூச்சை நான் உங்களுக்கு எப்படிச் சொல்லிக் காட்டுவது. "ரொம்ப தேங்க்ஸ்மா" என்றார். என்னிடம் அவர் சொன்ன நல்ல வார்த்தை அது.

யோசித்துப் பாருங்கள், நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. காது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்பது டாக்டர் வாயிலிருந்து வந்தது. நான் இந்தப் பக்கத்தது அந்தப் பக்கம் கொடுத்தேன், அந்தப் பக்கத்தது இந்தப் பக்கம். எங்கள் வேலையே அதுதான்.

பொழுது விடிவதற்குள் சுலோசனா போய்விட்டாள். மறுநாள் வராந்தாவில் டாக்டர், "நீ காது அண்ட்டிவி" என்று, நீதான் இல்லை என்றாய் என்று, உங்கள் மாப்பிள்ளை முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர், "காது கேக்கலன்னுதானே சார் சொன்னேன், அப்பறம் இட்டுக்கினு போங்கன்னேனே" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். லைன் கோளாறு, பாஷைக் குழப்பம் என்று மேட்ரன் முடித்துவைத்தார்கள். நீங்கள் மட்டும் நம்பவில்லை. பெண்டாட்டியைவிட மாங்காய் பெரிதாகப் போய்விட்டது அவனுக்கு என்று நினைத்தீர்கள். நினைக்காதீர்கள் அண்ணா. அவர் 'இட்டுக்கினு போங்க' என்றார். வேண்டாம் என்று சொன்னவள் நான்.

மோர் டம்ளரை இப்படிக் கொடுங்கள், வேட்டியில் சிந்திவிட்டது.

ஏன் என்று கேட்பீர்கள். வேலூருக்குப் போயிருந்தால் அவர் போன் கால் எல்லாம் அந்த ஊர் ஆஸ்பத்திரி போர்டுக்குப் போயிருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவள் எப்படிப்பட்டவளோ, காதில் எந்தக் கருவியோ. அவர் முனகுவதைக் கரகரப்பு என்று நினைத்து லைனை வெட்டிவிடக்கூடியவளாகக்கூட இருக்கலாம். ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் என்றுதான் நினைத்தேன். சுலோசனா சாக வேண்டும் என்று நான் நினைப்பேனா. அவள் படுக்கையில் இருந்தால்தானே அவர் கூப்பிடுவார். அவள் இருக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர்கள் உங்கள் வீட்டிலேயே இருந்திருக்க மாட்டார்கள். காலை வரை தாங்குவாள் என்று நினைத்தேன். தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதும் என் காதில் விழுந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருந்தேன்.

அதன் பிறகு சாயங்காலங்களில் என்னால் உட்கார முடியவில்லை. மண்டி நேரம் வந்தால் எழுந்துவிடுகிறேன், ஜன்னல் வரை போகிறேன், வருகிறேன். டேப்பில் எந்தப் பாட்டைப் போட்டாலும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். வேறு ஹெட்போன் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். குறை அதில் இல்லை.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். போலீசுக்குப் போவதானால் போங்கள், நான் இங்கேதான் இருப்பேன். ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். குழந்தையை அதன் நைனாவிடம் கொடுத்துவிடுங்கள், அது நியாயம். அவரிடமும் இதை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். அவர் மனசு ஆறட்டும் என்றுதான் இவ்வளவும் சொன்னேன், எனக்கென்று ஒன்றும் இல்லை. கோபம் வரும், வர வேண்டியதுதான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டட்டும், நான் குறுக்கே பேச மாட்டேன், லைனை வெட்டவும் மாட்டேன். அதற்காக அவ்வளவு தூரம் நேரில் வர வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். போனில் கூப்பிட்டால் போதும்.