லுக்குக்கு ஆறு பட்டை

— லுக் ஃபார்?

— தேடுறது. "ஐ லுக் ஃபார் தி மிஸ்ஸிங் பில்லோ கவர்." தினமும் அதான் என் பொழப்பு.

— கரெக்ட் அக்கா. லுக் இன்டு?

— என்ன ஏதுன்னு விசாரிக்கிறது. "ஐ வில் லுக் இன்டு இட், சார்." சூப்பர்வைசருங்க ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாங்க. சொல்லிட்டு ஒண்ணும் பண்ண மாட்டாங்க.

— சிரிக்காதே. நாளைக்குக் காலையில உனக்கே அந்த சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ. ஆமா, இதையெல்லாம் எதுக்குத் துணிப்பட்டையில எழுதி வச்சிருக்கே? நோட்டு கிடைக்கலியா?

— ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நோட்டை விரிச்சா ஆவியில ஊறிப் போயிடும். இது வார்டு நம்பர் எழுதிப் போர்வையில தைக்கிற பட்டைடி, எத்தனை தடவை துவைச்சாலும் மை போகாது. ஒண்ணை எழுதி சட்டைக் கையில குத்திக்குவேன். மெஷின் சுத்தி நிக்கறதுக்குள்ள மனப்பாடம்.

— பத்தொன்பது வருஷம் துவைச்சவ நீ. அந்த வேலையைச் சும்மாவே உனக்குத் தூக்கிக் குடுக்கணும்.

— அது கிடக்கட்டும், அடுத்ததைக் கேளு.

— லுக் ஆஃப்டர்.

— பாத்துக்கிறது. "ஐ லுக்ட் ஆஃப்டர் மை சிஸ்டர்." அம்மா போனப்போ உனக்கு ஒன்பது வயசு.

— ம்... லுக் டவுன் ஆன்?

— அந்தப் பட்டையை அப்படி வை.

— ஏன், மறந்துட்டியா? ஒருத்தரை மட்டமா நினைக்கிறது.

— அர்த்தம் தெரியும். வாக்கியம்தான் எழுதல. நம்ம வாழ்க்கையில நடந்ததைத்தான் எழுதணும்னு போன்ல நீதானே சொன்னே.

— என் கல்யாணம் ஞாபகம் வந்துச்சா?

— நான் ஒண்ணும் சொல்லலியே.

— "எங்க அக்கா நர்ஸ்"னு மாப்பிள்ளை வீட்டுல சொன்னேன். வாய் தவறி வரலக்கா, வெக்கப்பட்டுத்தான் சொன்னேன். கல்யாணத்தன்னிக்கு யாரோ உன்கிட்ட இங்கிலீஷ்ல என்னமோ கேட்க, நீ பேந்தப் பேந்த முழிச்சுட்டு நின்னே. அப்பவும் நான் கிட்ட வரல. அதுக்கப்புறம் உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் இந்தப் பக்கமே தலைகாட்டல. தப்புப் பண்ணிட்டேன்.

— விடு. டீ ஆறுது, குடி.

— நாளைக்கு வேலை கிடைக்கட்டும். நானே எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்.

— இன்டர்வியூ எடுக்கறது யாருன்னு தெரியுமா உனக்கு?

— யாரு?

— போன மாசம் மாத்தலாகி வந்த நிர்வாக அதிகாரியம்மா. உன் மாமியாரோட தங்கச்சி.

— சின்ன அத்தையா! உன் ஆஸ்பத்திரிக்கா வந்திருக்காங்க? ஐயோ, அவங்களுக்கும் நீ நர்ஸுன்னுதானே...

— அதான், போன வாரமே என் பேரை வாபஸ் வாங்கிட்டேன். நீ அந்த வீட்டுல தலைநிமிர்ந்து இருக்கணும்ல.

— அடிப்பாவி அக்கா! அப்புறம் எதுக்கு நேத்து போன் பண்ணி, பாடம் கேக்க வான்னு கூப்பிட்டே? ஒரு மணி நேரமா எதுக்கு உக்காந்து ஒப்பிக்கிறே?

— மூணு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கே. பாடம் முடிஞ்சா கிளம்பிடுவியேடி. இன்னும் ரெண்டு பட்டை இருக்கு, மெதுவாக் கேளு.