வாசற்படி ஆணி

பென்னாகரம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், இறந்த கணவன் தினமும் மனைவியைப் பார்க்க வரும் சீரியலைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று இளையவள் சொன்னாள்:

"அக்கா, எங்க வூட்டு வாசப்படியில அடிச்சிருந்த ஆணிய நான் புடுங்கிட்டேன்."

"அடியே! உம்புருசன் ஆவி உள்ள வரக்கூடாதுன்னுதானே உங்க மாமியா அடிச்சாங்க?"

மடியிலிருந்த மகளின் காதைப் பொத்தலாமா என்று யோசித்தேன். பொத்தவில்லை.

"அவரு வரட்டும்னுதாங்க்கா புடுங்குனேன்."

"சீரியல் பாத்தே நீ கெட்டுப்போயிட்ட. சரி, வந்தாரா?"

"இல்லக்கா. ஒரு மாசமாச்சு."

நடத்துனர் சீட்டு கொடுத்துவிட்டுப் போனார். பிறகு இளையவளே பேசினாள்.

"புடுங்காம உட்டிருக்கலாம். ஆணி இருந்த வரைக்கும், அதனாலதான் அவரு வரலன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."