கயிற்றை விட்ட கைகளுக்காக

விழாத் தலைவர் நிலைய அலுவலர் ஐயா அவர்களே! அவர் வலப்பக்கம் வீற்றிருக்கும் வண்டி ஓட்டுநர் அண்ணன்மார்களே! இடப்பக்கம், குழாய் பிடித்துக் காய்த்துப்போன கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் தீயணைப்பு வீரர்களே! அவர்களைப் பெற்றெடுத்த தாய்மார்களே! பெண்ணைப் பெற்ற குற்றத்துக்கு அவளை இவர்களுக்கே கொடுத்த மாமியார்மார்களே! வெளியே நிறுத்திய வண்டியில் மணியடித்து விளையாடும் பிள்ளைகளே! கடைசி பெஞ்சில், அழைப்பில்லாமலே வந்திருக்கும் பால்காரர் அண்ணனே! தொலைபேசி அறையின் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறவாத் தம்பியே! வீட்டுக் கணக்கில் எதையும் விட்டு எழுதிப் பழக்கமில்லாதவள் நான். விடுபட்டவர் எவரேனும் இருந்தால் கையை உயர்த்துங்கள்.

எல்லாம் வல்ல இறைவனை வணங்கித் தொடங்குகிறேன்.

வீரர் குடும்பங்கள் கூடும் இந்த விழாவில் எனக்குத் தந்த தலைப்பு, 'இல்லறத்தில் பொறுமை'. பொறுமையைப் பற்றி என் வீட்டுக்காரர் நன்றாகப் பேசுவார், என்னிடம் கற்றவர். ஆகவே அதை அவரிடமே விட்டுவிட்டு, நான் வெள்ளத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

சிரிக்காதீர்கள் ஐயா. நெருப்பு நின்ற இடத்தில் எரியும், நீர் நிற்குமா? முழங்கால் அளவுதானே என்று மீசையை முறுக்குபவனை முதலில் கவிழ்ப்பதே அந்த முழங்கால் அளவு நீர்தான். நெருப்பைக் கண்டால் பயப்படும் நாம், நீரைக் கண்டால் மட்டும் ஏன் நெருங்கிய சொந்தம்போல் நினைக்கிறோம்?

சென்ற மழைக்காலத்தில், தரைப்பாலத்தின் நடுவே பால் வண்டி நின்றுபோனது. கூரைமேல் பால்காரர். கரையில் நம் படை. முன்னால் யார்? நான் பெயர் சொல்ல மாட்டேன். மீசையைப் பாருங்கள், தெரியும். தலையில் நெருப்புக்குப் போடுகிற தொப்பி. காலில் நெருப்புக்குப் போடுகிற பூட்ஸ். நீருக்கென்று ஒன்றுமில்லை! இடுப்பில் கயிற்றைச் சுற்றி, பிரம்மாண்டமான ஒரு முடிச்சு. வீட்டில் மளிகைப் பொட்டலம் கட்டச் சொன்னால் அவிழ்ந்துவிடும். அன்றைக்குப் பார்த்து, இறுகிவிட்டது.

கயிற்றின் மறுமுனை, தொலைபேசி அறை வாசலில் இருக்கிறாரே, அந்தத் தம்பியின் கையில். மற்றவர்கள் ஏணியோடு சற்றுத் தள்ளி நின்றார்கள். மீசைக்காரர் இறங்கினார். எடுத்த எடுப்பில் வெள்ளம் காலை வாரியது. பூட்ஸ் நிறைந்தது, தொப்பியின் விளிம்பு நீரை வாரியது. கரையிலிருந்தோர் "இழு, இழு" என்று கூவினார்கள். இழுக்க இழுக்க என்ன ஆயிற்று? மீசை மேலே வந்ததா? முடிகூட வரவில்லை. ஆள் நீருக்கடியில் போனார். வண்டிக் கூரையிலிருந்து பால்காரர் அண்ணன் கத்தினாராம்: "ஐயா, நான் நல்லாத்தான் இருக்கேன், முதல்ல அவரைப் பாருங்க."

அப்போதுதான் தம்பி கயிற்றை விட்டார்.

குழாயைப் பிடித்தால் விடக்கூடாது, கயிற்றைப் பிடித்தால் விடக்கூடாது என்று சேர்ந்த முதல் நாளிலிருந்து பழகிய படையிலே, ஒரு மனிதர் விட்டார். விட்ட மறுகணம் மீசைக்காரர் மேலே வந்தார். "மல்லாந்து படுங்க, காலை முன்னால நீட்டுங்க" என்று கத்திக்கொண்டே தம்பி கரையோடு ஓடினார். ஆற்றின் வளைவில், நீர் தணிகிற இடத்தில், தோளில் மாட்டியிருந்த, கயிறு அடைத்த பையை, கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு வீசினார். மீசைக்காரர் அதைப் பிடித்துக் கரையேறினார். பிறகு படகு வந்து பால்காரரையும் இறக்கியது.

ஆனால் ஊர் எதைப் பேசியது? வீசியதையா? விட்டதை! கூட்டாளியைக் கைவிட்டவர் என்றார்கள். விசாரணை முடியும்வரை தொலைபேசி வேலை என்றார்கள். 'நழுவல்' என்று பட்டப்பெயர். தேநீர் வேளையில், "அவன்கிட்ட கிளாஸைக் குடுக்காதீங்கப்பா, விட்டுருவான்" என்று கேலி. என் வீட்டுக்காரரும் சிரித்தாரா என்று கேட்டேன். "எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்" என்றார். அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இருந்தது, பேச்சுதான் இல்லை.

நான் தம்பி வீட்டுக்கே போனேன். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்தாள். தம்பி சொன்னார்: "அக்கா, பிடிக்கறதுக்கு யாரும் கத்துக்குடுக்க வேண்டாம். விடறதுக்குத்தான் பயிற்சி வேணும். எனக்கு அதைப் பயிற்சி முகாம்ல சொல்லிக்குடுத்திருக்காங்க. இடுப்புல கட்டின ஆளை ஓடுற தண்ணியில நிறுத்தி வச்சா, தண்ணி அவரை அடியிலதான் அமுக்கும்."

நான் எதையும் சரிபார்க்காமல் ஏற்பவளா? அடுத்த மழையில், பின்தெருக் கால்வாய் சீறி ஓடியபோது, மூடிய சோப்பு டப்பாவை நூலில் கட்டி விட்டேன். வீட்டுக்காரர் குடை பிடித்தார். ஓடவிட்டேன், மிதந்தது. நூலை இழுத்துப் பிடித்தேன், தலைகுப்புற மூழ்கியது. விட்டேன், மிதந்தது. பிடித்தேன், மூழ்கியது. எதிர்வீட்டு அம்மா, "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நல்லாத்தானே இருந்தீங்க" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. குடை சாய்ந்து என்மேல் மழை கொட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை. "அந்த டப்பா நான்தான்" என்றார்.

"இதை நிலையத்துல சொல்லுங்க" என்றேன்.

"எப்படிம்மா சொல்றது? எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சவன் நான்."

தாய்மார்களே, அவர் வெள்ளத்துக்குப் போன அன்று மாலை முழுவதும் நான் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். அவரைப் பிடித்துக்கொள் கடவுளே, அவரைப் பிடித்துக்கொள் என்று! கடவுள் எனக்குச் செவிசாய்த்தார். என் சொல்லைத்தான் திருத்திக்கொண்டார். பிடித்த கையாக வரவில்லை அவர். விட்ட கையாக வந்தார்! விட்டுவிட்டு ஓடிய காலாக வந்தார்! ஓடிப்போய் வீசிய கயிறாக வந்தார்! அந்தக் கையைத் தொலைபேசியில் கட்டிவைக்கலாமா? அதைப் பார்த்துச் சிரிக்கலாமா?

வெள்ளத்துக்குப் போகும் வீரனே, இடுப்பில் முடிச்சைப் போடாதே! இழுத்தால் கழலும் கொக்கி வைத்த மிதவை அங்கியைப் போடு! கரையிலிருந்து நீட்டு, எட்டாவிட்டால் எறி, எறிந்தும் எட்டாவிட்டால் படகை எடு, இறங்குவதைக் கடைசியில் வை! வளைவில் ஒருவனைக் கயிற்றோடு முன்னதாகவே நிறுத்து! வீரம் குதிப்பதில் இருக்கிறதா? குதித்தவன் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதில் இருக்கிறது!

அதென்ன, இரண்டாம் வரிசையில் சலசலப்பு? மீசைக்காரர் எழுந்துவிட்டாரா? பேசுங்கள், நானும் கேட்கிறேன்.

... கேட்டீர்களா ஐயா? பின்னால் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "அவன் விட்டதாலதான் நான் இங்க நிக்கிறேன். அடுத்த தடவையும் என் கயிறு அவன் கையிலதான் இருக்கணும்" என்கிறார். தம்பி, நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போடுங்கள். பால்காரர் அண்ணன் கைதட்டுகிறார். அவருக்கு எப்போதும் நம்மைவிட உயரத்திலிருந்து தெரியும்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பிள்ளைகளை அடக்கிய அன்னையர்க்கும் என் நன்றி, வணக்கம். நிலைய அலுவலர் ஐயா, மேகம் கறுத்துவிட்டது. தம்பியை மறுபடி கயிற்றுக்கு எடுப்பீர்களா, மாட்டீர்களா? மழை முந்திக்கொள்வதற்குள் பதில் சொல்லிவிடுங்கள்.