மூணாவது கிளச் பிளேட்டு

அய்யோ, அந்தக் கல்லை உருவீறாதீங்க தம்பி! அது மேலதானுங்க ஜீப்பே நிக்குது. ஆமாங்க, ஆட்டாங்கல்லுதான். ஜாக்கி மட்டும் போதாதுன்னு எங்கூட்டுக்காரரு உருட்டீட்டு வந்து முட்டுக் குடுத்துட்டாரு. மாவாட்டற கல்லாச்சேன்னா, அதான் கிரைண்டரு இருக்குதல்லங்கறாரு. நீங்க அந்தப் பக்கமாப் படுத்துப் பாருங்க. அவரு நாமக்கல்லுக்கு கிளச் பிளேட்டு வாங்கப் போயிருக்கறாரு, மூணாவது பிளேட்டு. வர்றதுக்கு ஒரு மணி நேரமாகும். மெக்கானிக்கைக் கூப்புட்டேன்னு தெரிஞ்சா என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிப்போடுவாரு.

என்னங்க பண்றது, மயில்சாமின்னா பெரிய டிரைவரு! முப்பது வருசம் லாரி ஓட்டுன மனுசன், அஸ்ஸாம் வரைக்கும் போயிட்டு வந்தவரு. அவரு ஜீப்பை ஒர்க்‌ஷாப்புல உட்டா ஊருக்குள்ள மானம் போயிருமாமா. சித்திரையில கிளச்சு கருகிப்போச்சுன்னதும் நேரா போர்ட்டிகோவுல கொண்டாந்து நிறுத்திப்போட்டு, போனுல வீடியோவுல எவனோ ஒரு வெள்ளைக்காரனைப் பாத்தாரு. அவன் இருவது நிமிசத்துல கியர்பாக்ஸைக் கழட்டி மாட்டறான். அவனுக்கு முடியறது எனக்கு முடியாதான்னாரு. ஏனுங்க, அவன் ரெண்டு நாளு மாட்டுனதை வெட்டி இருவது நிமிசமாப் போட்டிருப்பானுங்கன்னேன். கேட்டாத்தான!

ராகு காலம் கழிச்சு, நல்ல நேரம் பாத்து, எலுமிச்சங்காயெல்லாம் வெச்சுத்தான் ஆரம்பிச்சாரு. டீசல் சிந்துன தரையில சூடம் பத்த வெக்கப் போனாரு பாருங்க! ஓடிப்போயித் தீப்பெட்டியப் புடுங்குனேன். சாமி காரியத்துக்குக் குறுக்க வர்றயான்னு என்னையப் புடிச்சுத் திட்டறாரு.

கியர்பாக்ஸு என்ன கனம்னு உங்களுக்குத் தெரியாததா? அதை எறக்கறதுக்கு மெத்தையக் கொண்டாந்து அடியில விரிச்சுட்டாரு. மாப்பிள்ளை வந்தாப் படுக்கறதுக்குன்னு தெச்ச இலவம்பஞ்சு மெத்தைங்க. அந்த வாரம் எம்பட பொண்ணு மதுமதியும் மாப்பிள்ளையும் வந்துட்டாங்க. கியர்பாக்ஸு மெத்தையில, மாப்பிள்ளை பாயில. அந்தப் புள்ளை நல்ல மனுசன்.

மாட்டுனாரே, சரியா மாட்டுனாரா? பிளேட்டை முன்ன பின்ன திருப்பி மாட்டிப்போட்டாரு. எல்லாத்தையும் பூட்டிட்டு உக்காந்தா கியரே உழுகலை. மறுக்கா எல்லாத்தையும் கழட்டுனாரு. ரெண்டாவது தடவை பூட்டி முடிச்சா நாலு போல்ட்டு மிச்சம். என்னங்க இதுன்னு கேட்டா, கம்பெனிக்காரன் சேத்திப் போட்டிருப்பாங்கறாரு. சிரிக்காதீங்க தம்பி. நாந்தான அதுல உக்காந்து போறவ.

அந்தப் பிளேட்டு பதினஞ்சு நாள்ல கருகிப்போச்சு. அப்பத்தான் பக்கத்தூட்டு செங்கோடன் வந்தாரு. போர் போடற ரிக்கு வண்டி வெச்சிருக்கறவரு. கியர்பாக்ஸே போயிருக்கும்ப்பான்னு ஒரே வார்த்தை சொல்லிப்போட்டு, காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. மறுநாளே இவரு சேலம் போயி ஒரு பழைய கியர்பாக்ஸைத் தூக்கியாந்துட்டாரு. இப்ப நீங்க பாக்கறது அதுதான்.

நல்லா இருக்குதுங்களா? அந்த மூலையில கெடக்கற பழசும் நல்லாத்தான் இருக்குதுங்களா? அது சரி.

வார ஞாயித்துக்கெழமை எம்பட பேரன் தர்ஷனுக்குக் காது குத்து, கொல்லிமலைக் கோயல்ல. எழுவது வளைவு ஏறோணும். பேரனை எஞ்சீப்புலதான் ஏத்தீட்டுப் போவேன்னு ஒரம்பரை சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி வெச்சிருக்கறாரு. இன்னைக்குப் புதன். அதுக்குத்தானுங்க உங்களை அவசரமாக் கூப்புட்டது.

கடைசிப் பிளேட்டா? ஒம்பது நாளுதானுங்க ஓடுச்சு. மேட்டுல ஏத்துனதா? இங்க எங்கீங்க மேடு, வாழைத்தோட்டமும் வாய்க்காலும். லோடும் ஏத்தறதில்லை. ஓட்டறது அவரு ஒருத்தருதான். வேற யாரையும் தொட உடமாட்டாரு.

ஆமாங்க. நீங்க சொல்றது சரிதான். கிளச்சு மேலயே காலை வெச்சுட்டு ஓட்டறாரு. பாத்ததும் கண்டுபுடிச்சுட்டீங்களே. இதை எவனும் கண்டுபுடிச்சறக் கூடாதுன்னுதானுங்க அவரு ஒர்க்‌ஷாப்புப் பக்கமே தலை வெச்சுப் படுக்கலை. மானமாவது மண்ணாவது.

பழக்க தோசமா? அதெல்லாம் இல்லீங்க தம்பி. முப்பது வருசம் ஓட்டுனவருக்குக் காலை எங்க வெக்கறதுன்னு தெரியாதா? சக்கரை. பன்னெண்டு வருசமா இருக்குது. டாக்டரு இடது காலுல ஊசியால குத்திப் பாத்தாரு. இவரு கண்ணை மூடிக்கிட்டு, சீக்கிரம் குத்துங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கறாரு. அதுக்குள்ள நாலு தடவை குத்தியாச்சுங்க. இனிமே வண்டி ஓட்டாதீங்கன்னு டாக்டரு சொன்னாரு. ஊட்டுக்கு வந்து, அந்த டாக்டரு படிச்சது பத்தாதுன்னுட்டாரு.

போன வாரம் கரூருல இருந்து வந்தோம். பாதி வழியில தீஞ்ச வாசம் வந்துச்சு. குனிஞ்சு பாத்தேன். ஏனுங்க, கிளச்சு மேல காலு இருக்குது, எடுங்கன்னேன். எடுத்துத்தாண்டி வெச்சிருக்கறேன்னாரு. அப்பறம் அவரும் குனிஞ்சு பாத்தாரு. அங்கதான் இருந்துச்சு. ரெண்டு கையாலயும் தொடையப் புடிச்சுத் தூக்கி அக்கட்டால வெச்சாரு. விடிஞ்சதும், சேலத்துக்காரன் ஓட்டை கியர்பாக்ஸைக் குடுத்து ஏமாத்திப்போட்டான்னு சத்தம் போட ஆரம்பிச்சுட்டாரு.

எனக்குப் பயமா இருக்குதுங்க தம்பி. எழுவது வளைவு, மடியில பேரன்.

இல்லீங்க, ஒண்ணும் மாட்ட வேண்டாம். அப்படியே இருக்கட்டும். நாந்தான் கூப்புட்டேன்னு தெரிஞ்சாலும் பரவாயில்லை, அவரு வந்ததும் நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. சேசிஸு உட்டுப்போச்சு, இனி இந்த வண்டி ரோட்டுக்கு ஆகாதுன்னு. பொய்தானுங்க. எனக்குத் தெரியாதா? பாவம் என்னையச் சேரட்டும். மலைக்கு நாங்க பஸ்ஸுல போயிக்கறோம்.

உங்களைக் கண்டமேனிக்குத் திட்டுவாரு, மனசுல வெச்சுக்காதீங்க. நீ என்னடா பெரிய மெக்கானிக்கும்பாரு. திட்டி முடிச்சுட்டு, எனக்குத் தெரியாம இந்த ஜீப்புல ஏறி உக்காந்து அழுவாருங்க. அழுகட்டும். வண்டிக்குத்தான் அழுகறேன்னு சொல்லிக்கலாமல்ல.